காத்தாடி விமானம் தினமும் வரட்டும்

ஆலைச் சங்கு ஊதி அடங்கிய பிறகும் வீடு திரும்பாமல், ஊரின் நன்மையே தங்கள் நன்மை என்று இந்த மண்டபம் நிறைய வந்து அமர்ந்திருக்கும் கோவைப் பெருமக்களே! நம் தொழில் வணிகச் சங்கத்தின் தலைவரும், இந்த அவையை நெறியோடு நடத்திவருபவரும், என் பெருமதிப்பிற்கு உரியவருமான வெங்கடபதி அவர்களே! அனல் பறக்கத் தீர்மானத்தை முன்மொழிந்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி அமர்ந்திருக்கும் சங்கச் செயலாளர், இரும்பு வார்ப்பாலை அதிபர், அன்புத் தம்பி திருமூர்த்தி அவர்களே! வெள்ளகோவிலிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் பேருந்து ஏறி வந்திருக்கும் விவசாயப் பெரியோர்களே! உக்கடத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரிகளே! பிள்ளைகளை மடியில் உறங்க வைத்துக்கொண்டு எங்கள் பேச்சைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர் முன்னும் தலைதாழ்ந்து நிற்கிறேன்.

என் பெயர் அழகிரிசாமி. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கரும்பலகைக்கு முகமும் மாணவர்களுக்கு முதுகும் காட்டிப் பேசிப் பழகியவன். இத்தனை முகங்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவது எனக்குப் புதிது.

என்னங்க? "சத்தமாப் பேசுங்கய்யா, கடைசி வரிசைக்குக் கேக்கலைங்க" என்கிறார் ஓர் அன்பர். பேசுகிறேன் ஐயா. குரல் அவ்வளவுதான். ஒலிபெருக்கிக்காரர் கொஞ்சம் கூட்டி வைத்தால் புண்ணியம்.

பெரியோர்களே, நான் பேசுவதற்காக அழைக்கப்பட்டவன் அல்லன். தம்பி திருமூர்த்தி என் வீட்டுக்கு வந்து, "சார், நீங்க இன்ஜினியரிங் வாத்தியாருங்க. நீங்க எந்திரிச்சு 'வழிமொழிகிறேன்'னு ஒரு வார்த்தை சொல்லீட்டு உக்காந்துக்குங்க, அது போதும்ங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. பரிமாறுகிறவர் கேட்டால், வயிறு நிறைந்திருந்தாலும் இன்னொரு இட்லிக்கு இலையைக் காட்டுகிற ஆள் நான்.

ஆனால் இன்று இந்த மேடையில் ஏறியபின், தீர்மானத்தை முழுக்கக் காதால் கேட்டபின், சொல்கிறேன். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். தம்பி மன்னிக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை என்னால் வழிமொழிய முடியவில்லை.

இருங்கள், இருங்கள். சலசலப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்.  காரணத்தைக் கேட்டுவிட்டு, பிறகு என்னை உட்காரச் சொல்லுங்கள்.

தாமதமாக வந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்திசை ஏர்வேஸ் என்ற தனியார் நிறுவனம் நம் ஊருக்கும் பெங்களூருக்கும் இடையே ஜெட் விமானம் விட்டுக்கொண்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், காலை வேளையில், வந்த சூட்டோடு திரும்பிப் போகும். அந்த ஜெட்டை இனி நிறுத்திவிடப் போகிறார்கள். அதற்குப் பதிலாக, இறக்கையில் இரண்டு சுழல்விசிறிகள் பூட்டிய சிறிய விமானத்தை நம் ஊரிலேயே நிறுத்தி, தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஓட்டுகிறோம், ஊரார் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். டர்போபிராப் என்பது அதன் பெயர். நாம் வேண்டாம் என்றால் வேறோர் ஊர் அதை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. நம் தீர்மானம் என்ன சொல்கிறது? "ஜெட் விமானமே வேண்டும். சுழல்விசிறி விமானத்தை இம்மாநகரம் ஏற்காது" என்கிறது.

தம்பி கேட்டார்: "நம்மூருக்கு என்னங்க கொறச்சல்? பஞ்சு இல்லீங்களா, மில்லு இல்லீங்களா, பம்புசெட்டு இல்லீங்களா? ஊரூருக்கு ஜெட்டு, நமக்கு மட்டும் காத்தாடியா?" கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். மானமுள்ள கேள்வி அது. இந்த மண்ணில் பிறந்த எவனுக்கும் நெஞ்சில் தைக்கும் கேள்வி.

அந்த மானத்தைப் பற்றியே பேசுவோம்.

போன மாதம் அந்தக் காத்தாடி விமானத்தைச் சோதனை ஓட்டமாகக் கொண்டுவந்தார்கள். சங்கத்தின் சார்பில் சிலரை ஏற்றிப் பெங்களூர் வரை போய்வரச் செய்தார்கள். நானும் போனேன். வெள்ளகோவில் எண்ணெய் ஆலை அதிபர் சென்னிமலைக் கவுண்டரும், அவர் துணைவியார் ராசாத்தாள் அம்மாளும் வந்திருந்தார்கள். அதோ, இரண்டாம் வரிசையில் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

விமானத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்த கவுண்டர் என் தோளைத் தொட்டார். "ஏனுங்க வாத்தியாரய்யா, இதென்னுங்க, றெக்கைக்கு ஒண்ணா ஃபேன மாட்டி வெச்சிருக்கறானுங்க? நடுவானத்துல கரண்ட் போச்சுன்னா என்னுங்க பண்றது?"

நான் பதில் யோசிப்பதற்குள் ராசாத்தாள் அம்மாள் முந்திக்கொண்டார். "கரண்ட் போனா நீங்க எறங்கித் தள்ளோணும்ங்க. அதுக்குத்தான் உங்களையக் கூட்டியாந்திருக்கறாங்க."

சிரிக்கிறீர்கள். அன்று விமானப் பணிப்பெண்ணும் சிரித்துவிட்டார். ஆனால் கவுண்டரின் கேள்வி உங்களில் பலருடைய கேள்வி. இது பழைய காலத்து வண்டியோ, யாரோ கழித்துப் போட்டதை நம் தலையில் கட்டுகிறார்களோ என்ற ஐயம். அதற்கு என் படிப்புக்கு எட்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த விசிறிக்குப் பின்னால் இருப்பதும் ஜெட்டில் இருப்பதைப் போன்ற டர்பைன் எந்திரம்தான். ஒரே நெருப்பு, ஒரே நியதி. ஜெட் கொஞ்சம் காற்றை எடுத்து வெறியோடு பின்னால் தள்ளுகிறது. இது நிறையக் காற்றை எடுத்து நிதானமாகத் தள்ளுகிறது. உயரே, நெடுந்தூரம் பறக்க அந்த வெறி வேண்டும். தாழ்வாக, பக்கத்து ஊருக்குப் பறக்க இந்த நிதானம் போதும். இதில் எரிபொருளும் குறைவு.

பெங்களூர் எவ்வளவு தூரம்? ஜெட் ஏறி, ஏறி, தனக்குரிய உயரத்தைத் தொடும்போது இறங்கவேண்டிய நேரம் வந்துவிடுகிறது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பொரியல் வைத்ததும் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட கதை! வால்பாறை மலைப்பாதையில் நீளமான சொகுசுப் பேருந்தையா விடுகிறார்கள்? வளைவுக்கு ஏற்ற வண்டியை விடுகிறார்கள். அதனால் வால்பாறைக்காரரின் மானம் குறைந்துவிட்டதா?

குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்த விமானம் சத்தம் போடுகிறது. "நம்ம செக்கு ஓடறாப்பல இருக்குதுங்க" என்றார் கவுண்டர். சத்தியமங்கலத்து மலைக்கு மேலே போகும்போது குலுக்கியது. நான் இருக்கையின் கைப்பிடியை விடவேயில்லை. ராசாத்தாள் அம்மாள் மட்டும் சன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "அதா, அதா பாருங்க, பவானிசாகரு! தட்டத்துல தண்ணி வெச்சாப்பல இருக்குது" என்று குழந்தையாகிவிட்டார். ஜெட்டைவிடக் கால்மணி நேரம் போலக் கூடுதலாகவும் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரம்தான் தம்பியின் வாதம். வேகமான காலத்தில் மெதுவான வண்டி எதற்கு என்கிறார்.

எது வேகம், பெரியோர்களே? விண்ணில் விரைவது வேகமா? வேண்டும் வேளையில் வருவது வேகமா?

இதற்கு விடையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. திரும்பி வருகையில் சென்னிமலைக் கவுண்டர் தம் தோட்டத்துக் கதையைச் சொன்னார். அதில் இருந்தது விடை. கவுண்டரே, சொல்லலாம் அல்லவா? "சொல்லுங்க, சொல்லுங்க. ஊருக்கே தெரிஞ்ச சமாச்சாரந்தானுங்க" என்கிறார். பெருந்தன்மை.

அவர் தோட்டத்துக் கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி ஏழரை போட்டார். பங்காளி ஏழரை போட்டால் நம்மாள் சும்மா இருப்பாரா? பத்து போட்டார்! இந்த நோய் நம் ஊருக்கே உரியது. நான் பாடம் நடத்தியபோது கிணற்றின் ஆழத்தைப் பார், ஊற்றின் வேகத்தைப் பார், பிறகு மோட்டாரைத் தேர்ந்தெடு என்று சொல்லிக் கொடுத்தேன். நம் ஊரில் யாரும் கிணற்றைப் பார்ப்பதில்லை. பங்காளியைப் பார்க்கிறார்கள்.

பத்துக் குதிரை மோட்டார் எப்படி இறைத்தது தெரியுமா? குழாய் வாயில் தண்ணீர் யானைத் தந்தம்போலச் சீறிப் பாய்ந்தது. ஊரே வந்து பார்த்தது. கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். கிணறு காலி! மோட்டார் காற்றைக் குடித்து இருமியது. ஊற்று ஊறி வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். மறுபடி ஓட்டினால் மறுபடி சீறும், மறுபடி காலி. வாய்க்கால் நனைந்து, முதல் பாத்தி நிறைவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். கடைசிப் பாத்தி வெடித்துக் கிடந்தது.

ராசாத்தாள் அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னாலேயே கேட்டுவிட்டாராம்: "ஏனுங்க, நீங்க வெள்ளாமைக்குத் தண்ணி கட்டறீங்களா, இல்ல பங்காளிக்கு வேடிக்கை காட்டறீங்களா?"

மறுவாரம் கவுண்டர் பத்தைக் கழற்றினார். பழைய ஐந்தையே பூட்டினார். ஊற்று ஊற ஊற அது நாள் முழுக்க நிதானமாக இறைத்தது. குழாயில் சீற்றம் இல்லை. பார்க்க யாரும் வரவில்லை. ஆனால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

பெருமக்களே, நம் ஊரிலிருந்து ஒரு நாளைக்குப் பெங்களூர் போகிறவர்கள் நம் ஊற்று. ஜெட் பத்துக் குதிரை மோட்டார். ஒரே இழுப்பில் அத்தனை பேரையும் அள்ளிவிடும். பிறகு ஊற்று ஊறும்வரை காத்திருக்கும். அதனால்தான் செவ்வாய், வியாழன், சனி. இடைப்பட்ட நாளில் வேலை வந்தவன் என்ன செய்வான்? ஜெட்டைத் தினமும் விடு என்கிறீர்கள். பாதி இருக்கை காலியாகப் பறந்தால் எந்த நிறுவனம் விடும்? காற்றைக் குடித்து எத்தனை நாள் ஓடும்?

பின்வரிசையில் ஓர் அன்பர் எழுந்து, "ஏங்க வாத்தியாரே, கம்பெனிக்காரன் உங்களுக்கு ஓசி டிக்கெட் குடுத்துட்டானுங்களா?" என்று கேட்கிறார். கொடுத்தார்கள் ஐயா, சோதனை ஓட்டத்துக்கு. உடன் ஒரு மிட்டாயும் கொடுத்தார்கள். பயத்தில் அதை வாயில் போடக்கூட மறந்து சட்டைப்பையில் கொண்டுவந்தேன். உட்காருங்கள், உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஒருவன் ஊருக்கு எதிராகப் பேசினால் காரணம் கேட்கத்தான் வேண்டும்.

என் காரணம் அந்தக் கம்பெனி அல்ல. என் காரணம் இந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது.

உக்கடத்திலிருந்து வந்திருக்கும் சாஜிதா பேகம் அம்மையார். தையல் வேலை செய்தவர். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவதில் அவருக்கு நிகரில்லை என்று என் வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கண்களில் புண் வந்து, ஆறியபோது கருவிழிகளில் வெண்படலம் விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. இறந்தவர் ஒருவரின் கருவிழியைப் பொருத்தினால் பார்வை திரும்பும் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்றபின் கண் தான சங்கம் ஒன்றில் தொண்டு செய்கிறேன். பெரிய தொண்டு ஒன்றுமில்லை. வெளியூரிலிருந்து கண் வந்தால், ஐஸ் வைத்த பெட்டியை வாங்கி மருத்துவமனையில் சேர்ப்பது என் வேலை. கருவிழி காத்திருக்காது. எடுத்த மறுநாளைக்குள் பொருத்தியாக வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. நம் ஜெட் காலையிலேயே வந்து, காலையிலேயே திரும்பிவிட்டது. அன்று பிற்பகல் பெங்களூரில் ஒரு பெரியவர் காலமானார். அவர் குடும்பத்தார், அந்தத் துயரத்திலும், கண்களைக் கொடுத்தார்கள். தொலைபேசி வந்தது. சாஜிதா அம்மையாரை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. அன்று மாலை பீளமேட்டு விமான நிலையத்தின் மேல் வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. ஓடுபாதை வெறுமனே கிடந்தது. விமானம் இல்லை. அடுத்த ஜெட் சனிக்கிழமை. ஆகவே பெட்டியை இரவு ரயிலில் ஏற்றினார்கள்.

இரவில் பெய்த மழையில் சேலத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப்போயிற்று. ரயில் நின்றது; இறக்கிக் காரில் கொண்டுவரலாமென்றால் சாலையிலும் வெள்ளம். பொழுது விடிந்தது, உச்சி சாய்ந்தது, இருட்டியது. நான் நம் ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி என் கைக்கு வந்தபோது ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தது. மருத்துவர் திறந்து பார்த்தார். மூடியை மெல்ல மூடினார்.

அதை அந்த அம்மாவிடம் சொல்லப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் கோத்துக்கொண்டு போனேன். என் காலடிச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "வரலைங்களா சார்?" என்றார். வந்தது, ஆனால் உதவாது என்றேன்.  அந்த அம்மா கேட்டார். "எனக்கென்னங்க சார், இருட்டு பழகிப் போச்சு. அவங்க அத்தாவோட கண்ணைக் குடுத்தாங்களே, அந்தப் புள்ளைங்களுக்கு என்னன்னு சொல்லுவீங்க?"

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, பெருமக்களே? நீங்கள் சொல்லுங்கள். "எங்கள் ஊருக்கு ஜெட் வருகிறது, மிக வேகமான ஜெட், ஆனால் அது அன்று வராது" என்று சொல்வதா? "உங்கள் தகப்பனாரின் கண் எங்கள் ஊர் மானத்துக்காகக் காத்திருந்தது" என்று சொல்வதா?

அந்த வியாழக்கிழமை மாலை ஒரு காத்தாடி விமானம் இருந்திருந்தால்! சத்தம் போட்டிருக்கும், போடட்டும். குலுக்கியிருக்கும், குலுக்கட்டும். கால்மணி நேரம் தாமதித்திருக்கும், தாமதிக்கட்டும். விளக்கு வைக்கும் வேளைக்குப் பெட்டி இங்கே வந்திருக்கும். இன்று இந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீங்கள் என்று சிரித்திருப்பார்.

எல்லோருக்கும் கண்பெட்டி வராது. ஆனால் எல்லோருக்கும் ஒரு வியாழக்கிழமை வரும். பெங்களூரில் தகப்பன் படுத்திருக்க, இங்கே மகன் தவித்திருக்கும் வியாழக்கிழமை. ஒற்றை உதிரிபாகத்துக்காக ஓர் ஆலையே ஓய்ந்திருக்கும் வியாழக்கிழமை. அன்று எவரும் எவ்வளவு வேகம் என்று கேட்கமாட்டார். இன்று உண்டா என்றுதான் கேட்பார். வரவேண்டிய நாளில் வராத வேகம் வேகமா? ஊருக்கு உதவாத உயரம் உயரமா? கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்க, குழாய் வாயில் சீறும் தண்ணீர் பெருமையா?

தம்பி திருமூர்த்தி, உங்கள் மானத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த மானம்தான் இந்த ஊரில் உலைகளை மூட்டியது, சக்கரங்களைச் சுற்றியது. அதை வேறோர் இடத்தில் வைப்போம் என்றுதான் கேட்கிறேன். வண்டியின் உருவத்தில் வைக்க வேண்டாம். அது வரும் நாளில் வைப்போம்.

தலைவர் அவர்களே, தீர்மானத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஒரு திருத்தம் கேட்கிறேன். "ஜெட் விமானமே வேண்டும்" என்ற இடத்தில், "தினந்தோறும், காலையிலும் மாலையிலும் விமானம் வேண்டும், அதற்குச் சுழல்விசிறி விமானத்தை இம்மாநகரம் மனமுவந்து ஏற்கிறது" என்று இருக்கட்டும். இதை வழிமொழிய யாரேனும் இருந்தால் நான் உட்கார்ந்துவிடுகிறேன். இல்லாவிட்டாலும் உட்கார்ந்துவிடுகிறேன்.

சென்னிமலைக் கவுண்டர் எழுகிறார். "நான் வழிமொழியறனுங்க" என்கிறார். ராசாத்தாள் அம்மாளும் எழுகிறார். "அவரு சொன்னா நம்போணும்ங்க. பத்து மோட்டாரு போட்டுப் பட்ட மனுசன்" என்கிறார். நன்றி, அம்மா.

தலைவர் அவர்கள் தலையசைக்கிறார்கள். திருத்தத்தை வாக்குக்கு விடலாம் என்கிறார்கள். தம்பி திருமூர்த்தி என்னைப் பார்க்காமல் கையிலிருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் என்ன முடிவெடுத்தாலும் என் மரியாதை குறையாது.

என் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்றே ஒன்று, தலைவர் அவர்களே. நம் சங்கத்தில் கை உயர்த்தித்தான் வாக்களிப்பது வழக்கம். இன்று ஒரு நாள் அந்த வழக்கத்தை மாற்றித் தர வேண்டுகிறேன். உயர்த்திய கைகள் எத்தனை என்று நீங்கள் பார்ப்பீர்கள், நான் பார்ப்பேன். யாருக்கு இந்த முடிவு எல்லோரையும்விட அதிகம் வேண்டுமோ, அவருக்குத் தெரியாது. ஆகவே பெருமக்களே, சம்மதம் என்றால் சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சம்மதம் இல்லையென்றால் அதையும் வாய்விட்டே சொல்லுங்கள். முன்வரிசைவரை வந்து விழட்டும்.

சாஜிதா அம்மா, கேளுங்கள். உங்கள் ஊர் பேசப் போகிறது.

எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.